பக்கத்துக்கு வெளியே ஒரு நகல்

திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை நீங்கள் இருவரும் வேலைக்கு வந்த முதல் நாளே நின்று படித்தீர்கள். செருப்பை வெளியே விடு. பிளாப்பி எதுவானாலும் முதலில் வைரஸ் பார். அடிக்கடி சேமி. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்காததை நீயாகச் சேர்க்காதே. பிழை பார்க்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. இவற்றுக்கெல்லாம் உங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அக்கா, இது என்னது?" என்றீர்கள்.

'பக்கத்துக்கு வெளியே பார்.'

அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையோடு நான் இந்த நாற்காலியை விட்டுப் போகிறேன். தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வயதுகூட ஆகாதவள் பணி ஓய்வு உரை நிகழ்த்துகிறாளா என்று நீங்கள் சிரிக்கலாம். ராஜபாளையத்தில், கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் இந்த டி.டி.பி. தொழிலே நேற்றுப் பிறந்தது. அதில் நான் கிழவிதான்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் கணினி மையம் இருந்தது. டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த பிறகு டி.டி.பி. படிப்பில் சேர்ந்தவர்கள் மூன்றே பெண்கள். கலர் திரை உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான். எங்களுக்கு அது தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும். சார் நல்ல மனிதர். முதல் வகுப்பிலேயே, "எனக்கும் இது புதுசும்மா. பொட்டி வந்திருச்சு, சாப்ட்வேர் வந்திருச்சு. நீங்க படிச்சு எனக்கும் சொல்லுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, கீழே டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்களில் கிருஷ்ணவேணி ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் எங்களை "ஏமே" என்பாள். ஜைனம்பு உள்ளூர்தான். அவளுடைய அப்பா தேரடியில் குடையும் ரெக்சின் பையும் தைத்து விற்கிற கடை வைத்திருந்தார். அவளைப் போலவே நாங்களும் அவரை அத்தா என்றே கூப்பிட்டோம்.

கிருஷ்ணவேணியின் அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். தலையணை மாதிரி கனம். முழுக்க ஆங்கிலம். முதலில் அதை முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனோம். ஒருத்தி படிக்கும்போது மற்ற இரண்டு பேருக்கும் புத்தகம் இல்லை. நான் பாதி படித்த இடத்தில் ஜைனம்பு வாங்கிப்போவாள். அவள் புரிந்துகொள்வதற்குள் கிருஷ்ணவேணியின் முறை வந்துவிடும். படிப்பு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. நாங்கள் மூவருமே முதல் அத்தியாயங்களைத் தாண்டவில்லை.

"ஏமே, இதை வெட்டிருவோம்" என்றாள் கிருஷ்ணவேணி.

"புத்தகத்தையா?" என்றேன்.

"பின்ன உன்னையா? மூணா வெட்டி ஆளுக்கு ஒண்ணு. அவ அவ பங்கை அவ அவ படிச்சு மத்த ரெண்டு பேருக்கும் சொல்லித் தரணும். அடுத்தவ பங்கை எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா சோம்பேறித்தனம் வந்துரும்."

எனக்கு மனசே இல்லை. ஜைனம்பு புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக அத்தா கடைக்கு நடந்தாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

அத்தா புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டுக் காசு போட்டு வாங்கினது, இதைப் போயி வெட்டச் சொல்லுதீய? பொம்பளைப் பிள்ளைய படிக்கீயளா, கறிக்கடை வைக்கீயளா?"

"அத்தா, வெட்டினாத்தான் படிப்போம்" என்றாள் ஜைனம்பு.

ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்து, அத்தியாயம் எது, பக்கம் எது என்றெல்லாம் பார்க்காமல், கனத்தைக் கையால் நிதானித்து அவர் மூன்றாக வெட்டினார். பிறகு மனசு கேட்காமல் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டை வைத்து ரெக்சின் உறை தைத்தும் கொடுத்தார். எனக்குப் பச்சை. ஜைனம்புவுக்கு அரக்கு. கிருஷ்ணவேணிக்குக் கறுப்பு. கறுப்பைப் பார்த்து அவள் ஒரு வாரம் புலம்பினாள்.

முதல் துண்டு எனக்கு வந்தது. எழுத்தை அடிப்பதும் அடுக்குவதும் பற்றியது. நடுத்துண்டு ஜைனம்புவுக்கு: எழுத்துகளையும் படங்களையும் வடிவங்களாக மாற்றுவது. கடைசித் துண்டு, வண்ணமும் அச்சும், கிருஷ்ணவேணிக்கு. அத்தா கனம் பார்த்து வெட்டியதால் என் துண்டு ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தது. 'எழுத்துகளை வடிவங்களாக மாற்றுவதற்கு முன், எப்போதும்' என்ற அர்த்தத்தில் நாலைந்து ஆங்கிலச் சொற்கள். அதோடு என் பக்கம் தீர்ந்தது. அந்த 'எப்போதும்' என்பதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அரக்கு உறைக்குள் போய்விட்டது.

பிறகுதான் நாங்கள் படித்தோம். ஒரே மேசை. நடுவில் உட்கார்ந்தவள் கையில் மவுஸ். இடப்பக்கம் இருப்பவள் தன் துண்டைப் பார்த்துச் சொல்வாள். வலப்பக்கம் இருப்பவள் சும்மா இருந்து தப்புக் கண்டுபிடிப்பாள். அந்தச் சும்மா இருப்பவள்தான் அதிகம் கற்றுக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கடையில் என் நாற்காலி ஏன் மேசைக்கு நடுவில் இல்லாமல் ஓரமாகக் கிடக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்கும் அது வெகுநாள் தெரியவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார இடம் விட்டே பழகிவிட்டேன்.

ஜைனம்பு பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தை அகராதியோடு மல்லுக்கட்டித்தான் வாசிப்பாள். ஆனால் அவள் சொன்னால் மறக்காது. நம் தமிழ் ஃபாண்ட் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் நம் பிளாப்பியைப் போட்டால், தமிழ் எல்லாம் பூச்சி பூச்சியாக ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அச்சுத் தகடுக்கான பிலிம் எடுக்க வெளியூருக்கு அனுப்பும் முன், எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி விடுகிறோம். கர்வ் செய்வது என்கிறோம். மாற்றிய பிறகு பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் அது எழுத்து இல்லை, எழுத்தின் படம். ஒரு துணைக்காலைக்கூடத் திருத்தி அடிக்க முடியாது. இதை அவள் இப்படித்தான் சொன்னாள்:

"ஏட்டி மல்லிகா, எழுத்து துணி மாதிரி. கர்வ் பண்ணினது தைச்ச பை மாதிரி. தைச்ச பொறவு அளவு சின்னதுன்னு அழுதா என்ன செய்ய? அதனால எங்க அத்தா எப்பவும் ஒவ்வொரு பையிலயும் ஒரு துண்டுத் துணி மிச்சம் எடுத்து வச்சுக்கிடுவாரு. நீயும் வச்சுக்கோ."

"எங்கே வைக்க?"

"பக்கத்துக்கு வெளியே."

திரையில் பக்கத்தின் கோட்டுக்கு வெளியே காலியிடம் இருக்கிறதே, அங்கே வைப்பது எதுவும் அச்சில் வராது. கர்வ் செய்யும் முன் எழுத்தாகவே ஒரு நகல் எடுத்து, இடது கீழ் மூலைக்கு வெளியே நகர்த்தி வைத்துவிடுவாள். பிளாப்பியில் தனியாக இன்னொரு கோப்பாக வைக்கலாமே என்றேன். "தனியா வச்சா தொலைச்சிருவோம். கூடவே இருந்தாத்தான் கூட வரும்" என்றாள். என் வாக்கியத்தின் மீதி இதுதானா என்று கேட்டேன். "கருத்து அதுதான். அவிய சொல்லியிருக்க விதம் வேற. காட்ட மாட்டேன், எட்டிப் பாக்கக் கூடாதுல்லா" என்று அரக்கு உறையை மூடிக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் எனக்கு இந்தக் கடையில் வேலை கிடைத்தது. கிருஷ்ணவேணி அண்ணனிடம் பெங்களூருக்குப் போனாள். ஜைனம்புவுக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சிமெண்டும் இரும்பும் விற்கிற கடை. மாப்பிள்ளை பெயர் பீர் முகமது.

நிச்சயம் முடிந்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா உள்ளே போகும்வரை புடைத்துக்கொண்டே இருந்தாள். போனதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பத்திரிகை உன்கிட்டதான் வரும். எம் பேருக்குப் பின்னால டி.சி.ஏ. போடணும்ட்டி. வேற ஒண்ணும் கேக்கல."

"போட்டிருவோம். அதுக்கு ஏன் இப்படிக் குசுகுசுன்னு சொல்லுத?"

"உனக்குப் புரியாது. அங்க போயி நானா வாயைத் திறந்து, நான் படிச்சிருக்கேன், கம்ப்யூட்டர் தெரியும்னு எப்படிச் சொல்ல? புதுப் பொண்ணு பேசிட்டான்னு ஆகிரும். பொறவு அது சண்டைக்குப் பேச்சாயிரும். பத்திரிகையில இருந்தா நான் சொல்ல வேண்டாம். அவிய வீட்டு ஆளுக எல்லார் கையிலயும் இருக்கும். எப்பவாச்சும் ஒருத்தர் கேப்பாங்கல்லா, டி.சி.ஏ.ன்னா என்னன்னு? அப்போ சொல்லிக்கிடுவேன்."

பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவதை அதுவரை நான் வெறும் ஜம்பம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு யார் பெயருக்குப் பின்னாலும் இரண்டெழுத்து போடும்போது நான் அவசரப்பட்டதில்லை.

அடுத்த வாரமே அத்தா பத்திரிகை வாசகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகங்கள் இல்லாமல் இல்லை. "நம்ம பிள்ளை இருக்கையில வேற எடத்துக்குப் போவேனா?" என்று பெருமையாக நம் கடை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு என்னிடம் தாளை நீட்டினார். தீன்குலச் செல்வன் பீர் முகமது. தீன்குலச் செல்வி ஜைனம்பு. அவ்வளவுதான்.

"அத்தா, டி.சி.ஏ. விட்டுப்போச்சே" என்றேன்.

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தன் மேசைக்குத் திரும்பிய பிறகு குரலை இறக்கினார்.

"விட்டுப்போகல, விட்டிருக்கேன். மாப்பிள்ளை பத்தாவது தாண்டலம்மா. அவரு பேரு மொட்டையா நிக்க, இவ பேருக்கு மட்டும் வாலு வச்சா நல்லாவா இருக்கும்? நாலு பேரு சிரிப்பான். சிரிச்சது அவரு காதுல விழும். பொறவு அது யாரு தலையில விடியும்? எம் மவ தலையில."

"ஜைனம்பு ஆசைப்பட்டாளே."

"எனக்குத் தெரியாதா? புத்தகத்துக்கு உறை தைச்சது நான்தானே" என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். எழுதிக் கொடுக்காததை நீயாகச் சேர்க்காதே என்று சுவரில் எழுதியிருக்கிறேனே, அது அன்றைக்கும் என் விதிதான். வாடிக்கையாளர் அத்தா. அவர் காரணத்தோடு மறுத்துவிட்டார். நான் தோழி என்பதற்காகக் கள்ளத்தனமாகச் சேர்த்து அச்சடித்தால், அந்தக் கோபம் நேராக அவளிடம்தான் போகும். சேர்க்க முடியாது. சேர்க்காமல் விடவும் கை வரவில்லை.

ஒரே ஒரு காரியம் செய்தேன். பெயரை அதன் வரியின் நடுவில் வைக்கவில்லை. பின்னால் இன்னும் மூன்று எழுத்து இருப்பதாக வைத்துக்கொண்டால் எங்கே தொடங்குமோ அங்கே தொடங்கினேன். அதனால் ஜைனம்பு என்ற பெயர் சற்று இடப்பக்கம் ஒதுங்கி, பின்னால் காலியிடத்தோடு நின்றது. கையெழுத்து வாங்கும்போது அத்தா கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. "மாப்பிள்ளை வீட்டு ஆளும் பாக்கணும்னு சொன்னாக. மாப்பிள்ளையே வாரேன்னு இருக்காரு. அவரும் பாத்த பொறவு அடிப்போம்" என்று போய்விட்டார்.

மாப்பிள்ளை வரவேண்டிய நாளில் மத்தியானம்வரை வரவில்லை. பிலிமுக்கான பிளாப்பிகளை அண்ணாச்சி அன்றைக்கே சிவகாசிக்கு எடுத்துப் போக வேண்டும். அன்றைக்கு விட்டால் பிலிம் கிடைக்க அடுத்த வாரம். கல்யாணத்துக்கு முன் பத்திரிகை கொடுத்து முடிக்க முடியாது.

"கர்வா மாத்திரும்மா. இனிமே யாரு வரப்போறா? எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி, சட்டையை மாட்டிக்கொண்டே.

மாற்றிவிட்டேன். அதற்கு முன் எழுத்தாகவே ஒரு நகலெடுத்து, இடது கீழ் மூலைக்கு வெளியே நகர்த்தி வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்து சொல்வது போலத்தான் இருந்தது.

பிளாப்பியை வெளியே எடுக்கப்போன நேரத்தில் அத்தாவும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். பீர் முகமது உயரமான ஆள். சட்டைக் கையில் சிமெண்டுத் தூசி. திரைக்கு முன்னால் குனிந்து நின்று, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, உதடசைத்துப் படித்தார். சித்தப்பா பெயர் சரி. மாமா பெயர் சரி. அண்ணாச்சி வாசலில் நின்று கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

விரல் நின்றது.

"இந்தப் பேரு மட்டும் ஏன் ஒதுங்கி நிக்கு?"

அத்தா என்னைப் பார்த்தார். அண்ணாச்சி முந்திக்கொண்டு, "அது சின்னத் தப்பு தம்பி, நடுவுல நகட்டிருவா. நகட்டும்மா" என்றார்.

நகர்த்துவதற்கு ஒரு நொடி போதும். நகர்த்தியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு நொடியைத்தான். கேட்காதபோது நீயாகச் சேர்க்கக் கூடாது. அதே போல், கேட்கும்போது இல்லாத தப்பை ஒப்புக்கொண்டு மறைக்கவும் கூடாது. அது தப்பு இல்லை. நான் வேண்டுமென்றே விட்ட இடம்.

"தப்பு இல்ல. அங்கே டி.சி.ஏ.ன்னு வரணும். அதுக்கு விட்ட இடம்" என்றேன்.

"யாருக்கு டி.சி.ஏ.?"

"உங்களுக்கு வரப்போறவங்களுக்குத்தான். நாங்க ஒண்ணாப் படிச்சோம்."

அத்தா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள, நான்தான் வேண்டாம்னுட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பீர் முகமது நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா, நம்ம கடையில மூட்டை வருதில்லா, அதுல பேரு இருக்கும். பேருக்குக் கீழ கிரேடு இருக்கும். கிரேடை அழிச்சிட்டு வித்தா அது ஏமாத்து. அழிக்கிற நமக்குத்தான் அசிங்கம், மூட்டைக்கு இல்ல." பிறகு என்னிடம் திரும்பி, "போடுங்க" என்றார்.

"பஸ்ஸு போயிரும்" என்றார் அண்ணாச்சி. "எல்லாத்தையும் மாத்திட்டாளே, இனிமே மொதல்ல இருந்து அடிக்கணுமே!"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். பக்கத்துக்கு வெளியே இருந்த நகலை உள்ளே இழுத்தேன். அது இன்னும் எழுத்தாக இருந்தது. டி.சி.ஏ. அடித்தேன். பெயர் அதன் இடத்தில் சரியாக நின்றது. மறுபடி ஒரு நகலெடுத்து வெளியே வைத்துவிட்டு, மாற்றினேன். அண்ணாச்சி பிளாப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

போகும்போது பீர் முகமது வாசலில் நின்று, "டி.சி.ஏ.ன்னா என்னது? கம்ப்யூட்டரா? பில்லு போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவளையே கேளுங்க" என்றேன். யாராவது கேட்டால் தானே சொல்லிக்கொள்வதாகத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

அச்சான பத்திரிகையை நான்தான் எடுத்துப் போனேன். ஜைனம்பு தன் பெயரின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். மூட்டைக் கதை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைய சிமெண்டு மூட்டைங்காரா அந்த ஆளு? வரட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் அவளைத் தனியாகப் பார்த்தது அதுதான் கடைசித் தடவை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆலங்குளத்துக்குப் போனாள். அரக்கு உறையையும் பெட்டியில் வைத்தாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். வீடு முழுக்க ஆள். "கம்ப்யூட்டர் ஏதாச்சும்...?" என்று ஆரம்பித்தேன். "ஏட்டி, செத்த இரு, பிள்ளை அழுது" என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கூடவே மாமியாரும் வந்தார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு அத்தா கடையை மூடிவிட்டு மகள் வீட்டுப் பக்கமே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேரடியில் இப்போது குடை தைக்க யாருமில்லை, பக்கத்து ஜவுளிக்கடை அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டது. கிருஷ்ணவேணி மட்டும் சங்கராந்திக்குப் போன் செய்வாள். "ஏமே, என் கறுப்பு இங்கேதான் இருக்கு. உன் பச்சை?" என்பாள். "இருக்கு" என்பேன். மூன்றாவதைப் பற்றி இருவருமே பேச மாட்டோம்.

இப்போது கடைகளில் அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பு முழுதாகக் கிடைக்கிறது. நீங்களே ஒன்று வாங்கி வந்திருக்கிறீர்கள். மேசை மேல்தான் கிடக்கிறது. அந்த 'எப்போதும்' என்ற வாக்கியம் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று எனக்குக் குத்துமதிப்பாகத் தெரியும். புரட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம், நீங்கள் சேர்வதற்குச் சற்று முன்னால், ஆலங்குளத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் பிளாப்பி ஒன்று கொண்டுவந்தார். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ். நம் வழியாகச் சிவகாசியில் பிலிம் மட்டும் எடுத்துத் தர வேண்டும். எழுத்தெல்லாம் மாற்றியே வந்திருந்தது. சுத்தமான வேலை. வழக்கம்போல ஓரங்களைச் சரிபார்க்கத் திரையைச் சிறிதாக்கினேன்.

இடது கீழ் மூலைக்கு வெளியே, எழுத்தாகவே, ஒரு நகல் இருந்தது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ பிளாப்பிகள் வந்திருக்கின்றன. யாரும் அப்படி வைத்ததில்லை. வைப்பவர்கள் தனிக் கோப்பாகத்தான் வைப்பார்கள்.

"இதை யாரு அடிச்சா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"யாருக்கும்மா தெரியும்? சிமெண்டுக் கடைக்குப் பக்கத்துல புதுசா ஒரு கம்ப்யூட்டர் கடை. கவர்ல போட்டு வச்சிருந்தாக, தூக்கிட்டு வந்தேன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நான் லோடு ஏத்துவேனா, அதைப் பாப்பேனா?" என்றார்.

ஆலங்குளத்துக்கு பஸ் இருக்கிறது. போய்ப் பார்த்துவிடலாம். அங்கே யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தால்? அவனாகவே அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்திருந்தால்? இப்போதைக்கு எனக்கு அது அவள்தான். போய்ப் பார்த்து அதை இழக்க நான் தயாராக இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை என்பதால்தான் அடுத்ததைச் செய்தேன்.

சிவகாசிக்கு அனுப்ப ஒரு பிரதி எடுத்துக்கொண்ட பிறகு, அந்த நகலுக்குக் கீழே, பக்கத்துக்கு வெளியே, என் பச்சை உறைக்குள் இருக்கும் அந்த அரை வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே அடித்தேன். 'எழுத்துகளை வடிவங்களாக மாற்றுவதற்கு முன், எப்போதும்' என்பதோடு நிறுத்தினேன். பெயர் போடவில்லை. பிளாப்பியைக் கவரில் போட்டு டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கொடுக்காததைச் சேர்க்காதே என்ற விதியை நான் மீறியதாக நீங்கள் நினைக்கலாம். அச்சில் வராத இடத்தில்தான் சேர்த்தேன்.

அடுத்த வேலை பொங்கலுக்கு வரும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அப்போது இந்த நாற்காலியில் உங்களில் ஒருத்தி இருப்பாள்.

ஆலங்குளத்திலிருந்து பிளாப்பி வந்தால் முதலில் வைரஸ் பாருங்கள். ஓரங்களைப் பாருங்கள். பிறகு பக்கத்துக்கு வெளியே பாருங்கள். இடது கீழ் மூலை. அங்கே வாக்கியத்தின் மீதி இருந்தால் படிக்க வேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள், நானே வந்து படித்துக்கொள்கிறேன். ஒன்றும் இல்லாவிட்டால் நான் அடித்த வரியை மறுபடியும் அடித்து, அதே இடத்தில் வைத்து அனுப்புங்கள்.

பச்சை உறையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறேன். கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது.